அனுப்புநர் முகவரி மாறினால் பாதை மாறிவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலுவலகங்களிலும் கல்வி நிலையங்களிலும் இணைய வேகம் குறைவது பற்றித் தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இரண்டாவது இணைய இணைப்பு ஒன்றை வாங்கி, பயனர்களின் சார்பில் வெளித்தளங்களோடு பேசும் இடைக்கணினியான பிராக்சி சர்வரின் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரியைச் சேர்த்துவிட்டால், ஒரு பிரிவினரை முதல் இணைப்பிலும் மற்றொரு பிரிவினரை இரண்டாவது இணைப்பிலும் அனுப்பிவிடலாம் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. நோக்கம் சரியானது, வழியும் பாதி சரியானது. மறுபாதி சொல்லப்படாததால், கட்டுரையை நம்பி ஒரு நிர்வாகி அந்த ஒற்றை வரியை மட்டும் எழுதினால், இரண்டாவது பிரிவினருக்கு இணையமே கிடைக்காமல் போகும். ஒரு கல்லூரியின் வலையமைப்பைப் பராமரிக்கும் பணியில் இந்தத் தவறுகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில், இந்தப் பிரிப்பு வேலையை ஏன் பிராக்சியில் செய்ய வேண்டியிருக்கிறது, ஏன் ரவுட்டரில் செய்ய முடியாது என்பதைச் சொல்ல வேண்டும். பிராக்சி இல்லாத வலையமைப்பில் ஒவ்வொரு கணினியின் தரவுப் பொதியும் (தரவு பயணிக்கும் சிறு துண்டு) அதன் சொந்த உள் முகவரியோடு ரவுட்டருக்கு வந்து சேர்வதால், இந்த முகவரிகள் இந்த இணைப்பில், அந்த முகவரிகள் அந்த இணைப்பில் என்று அங்கேயே விதி எழுதிவிடலாம். பிராக்சி நடுவில் வந்த பிறகு கதை வேறு. பயனரின் இணைப்பு பிராக்சியோடு முடிந்துவிடுகிறது. வெளியுலகத் தளத்துக்குப் பிராக்சி தன் பெயரில் புதிய இணைப்பு ஒன்றைத் தொடங்குகிறது. ரவுட்டர் பார்ப்பது பிராக்சியின் முகவரியை மட்டுமே. அதற்குப் பின்னால் இருப்பவர் முதல்வரா முதலாண்டு மாணவரா என்று அறிய அதற்கு வழியே இல்லை. நாங்கள் இதை யோசிக்காமல், ஆய்வகக் கணினிகளின் முகவரி வரிசையை ரவுட்டரில் எழுதி, அவற்றை இரண்டாவது இணைப்புக்குத் திருப்பிவிட்டதாக ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தோம். அந்த வாரம் முழுவதும் இரண்டாவது மோடத்தின் வழியே அநேகமாக எதுவும் செல்லவில்லை.

எனவே யார் எந்தப் பிரிவு என்ற தீர்மானத்தைப் பிராக்சிதான் எடுக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் ஸ்க்விட் என்ற பிராக்சி மென்பொருளில் இதற்கென்றே 'டிசிபி அவுட்கோயிங் அட்ரஸ்' என்ற கட்டளை இருக்கிறது. கட்டுரை குறிப்பிட்டதும் இதையே. பயனர்களை முகவரி வரிசையால் ஒரு பிரிவாக வரையறுத்து, அந்தப் பிரிவின் கோரிக்கைகள் வெளியே செல்லும்போது சர்வரின் எந்த முகவரியை அணிந்து செல்ல வேண்டும் என்று இந்தக் கட்டளையில் எழுதுகிறோம். பல வரிகள் எழுதியிருந்தால் முதலில் பொருந்தும் வரியே எடுத்துக்கொள்ளப்படும் என்பதால், விதிவிலக்குகளை மேலேயும் பொதுவான வரியைக் கீழேயும் வைக்க வேண்டும்.

கட்டுரை இங்கே நின்றுவிடுகிறது. சிக்கலோ இங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கட்டளை பொதியின் அனுப்புநர் முகவரியை மட்டுமே தீர்மானிக்கிறது. பொதி எந்தக் கம்பி வழியாக வெளியேற வேண்டும் என்பதை அது தீர்மானிப்பதில்லை. ஓர் உறையின் மேல் அனுப்புநர் முகவரியை மாற்றி எழுதினால் கடிதம் தானாக நடந்துபோய் வேறொரு தபால் பெட்டியில் விழுந்துவிடுமா? எந்தப் பெட்டியில் போடுவது என்பது கடிதத்தைக் கொண்டுசெல்பவரின் கையில் இருக்கிறது. இங்கே கொண்டுசெல்பவர் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல். வழக்கமான நிலையில் அது பொதி போய்ச்சேர வேண்டிய முகவரியை மட்டும் பார்த்தே வழியைத் தேர்ந்தெடுக்கும். வெளியுலக முகவரிகள் அனைத்துக்கும் அதனிடம் இருப்பது ஒரே இயல்பு வழி, அதாவது முதல் இணைப்பின் கேட்வே எனப்படும் வெளிவாயில்.

விளைவு என்னவென்றால், இரண்டாவது நிறுவனம் வழங்கிய முகவரியை அணிந்த பொதி முதல் நிறுவனத்தின் கம்பியில் போய் நிற்கிறது. போலி முகவரிகளோடு வரும் தாக்குதல்களைத் தடுக்க, தன் வாடிக்கையாளருக்குத் தான் வழங்காத அனுப்புநர் முகவரியோடு வரும் பொதிகளை இணைய சேவை நிறுவனங்கள் வாயிலிலேயே கைவிட வேண்டும் என்று 2000ஆம் ஆண்டு மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 2827 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் பரிந்துரைக்கிறது. அதைப் பின்பற்றும் நிறுவனம் நம் பொதியைச் சத்தமில்லாமல் கைவிட்டுவிடும். பின்பற்றாத நிறுவனமாக இருந்து பொதி தப்பிச் சென்றாலும், பதில் இரண்டாவது இணைப்பின் வழியாகத் திரும்பி வரும்போது, நம் சர்வரின் எதிர்வழிச் சோதனை (வந்த பொதியின் அனுப்புநருக்குத் திரும்பிப் போகும் வழியும் அதே கம்பிதானா என்று பார்ப்பது) கடுமையான நிலையில் இருந்தால், இந்தத் தளத்துக்கான வழி இந்தக் கம்பி அல்லவே என்று அதுவே அதை எறிந்துவிடும். இரண்டு நிலையிலும் பயனர் காண்பது ஒன்றுதான்: பக்கம் ஒரு நிமிடமோ அதற்கு மேலோ சுழன்று, பிறகு பிழைச் செய்தி. ஸ்க்விட் ஒரு தளத்தோடு இணைய இயல்பாகக் காத்திருக்கும் நேரம் ஒரு நிமிடம் என்பதை அறியாதவர்கள், அந்தத் தளமே பழுதாகிவிட்டது என்று எண்ணிக்கொள்வார்கள். நாங்களும் அப்படித்தான் எண்ணினோம்.

இதற்குத் தீர்வு லினக்ஸ் கெர்னலிலேயே 2.2ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. போய்ச்சேரும் முகவரியை மட்டுமல்லாமல், அனுப்புநர் முகவரியையோ பொதியின் மேல் இடப்பட்ட அடையாள எண்ணையோ பார்த்து வழி தேர்ந்தெடுக்கும் கொள்கைவழி ரூட்டிங் என்ற முறை அது. எந்த முகவரிக்கு எந்த வழி என்று காட்டும் ரூட்டிங் அட்டவணை கெர்னலில் ஒன்றே ஒன்று இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருந்தாலும், 255ஆம் எண்ணில் சர்வரின் சொந்த முகவரிகளுக்கான அட்டவணை, 254இல் நாம் அன்றாடம் பார்க்கும் முதன்மை அட்டவணை, 253இல் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும் மற்றொன்று என மூன்று அட்டவணைகள் ஏற்கெனவே இருக்கின்றன. இவற்றோடு இணைப்புக்கு ஒன்றாக இரண்டு அட்டவணைகளை நாமே உருவாக்கி, ஒவ்வொன்றிலும் அந்தந்த இணைப்பின் கேட்வேயை இயல்பு வழியாக எழுதி, முதல் முகவரியிலிருந்து கிளம்பும் பொதி முதல் அட்டவணையைப் பார்க்கட்டும், இரண்டாவது முகவரியிலிருந்து கிளம்பும் பொதி இரண்டாவது அட்டவணையைப் பார்க்கட்டும் என்று இரண்டு விதிகள் சேர்க்க வேண்டும். முதன்மை அட்டவணைக்கான விதியின் வரிசை எண் 32766 என்பதால், நம் விதிகளின் எண் அதற்குக் குறைவாக இருந்தால்தான் அவை முந்திக்கொள்ளும். இவ்வளவும் செய்த பிறகே பிராக்சியில் எழுதிய அந்த ஒற்றை வரிக்குப் பொருள் கிடைக்கிறது.

இதில் இரண்டு இடங்களில் கால் இடறும். நாம் உருவாக்கிய புதிய அட்டவணையில் வெளிவழி மட்டும் இருந்து, கல்லூரிக்குள்ளேயே இருக்கும் பிற வலையமைப்புகளுக்கான வழிகள் இல்லாவிட்டால், இரண்டாவது பிரிவினர் உள்ளகத் தளம் ஒன்றைப் பிராக்சி வழியாகத் திறக்கும்போது அந்தக் கோரிக்கையும் இணையத்துக்கு வழிதேடிப் போய்த் தொலைந்துவிடும். எங்கள் ஆய்வகங்களில் வெளித்தளங்கள் அனைத்தும் திறந்து, அடுத்த கட்டடத்தில் இருந்த தேர்வுத் தளம் மட்டும் திறக்காமல் போனதற்குக் காரணம் இதுவே. உள் வழிகளை அந்த அட்டவணையிலும் எழுதலாம். அல்லது உள்ளகத் தளங்களுக்கு அனுப்புநர் முகவரியை மாற்ற வேண்டாம் என்று பிராக்சியில் முன்கூட்டியே விலக்கு அளிக்கலாம். மற்றொன்று, கட்டளை வரியில் தட்டச்சு செய்த இந்த விதிகள் சர்வர் மறுதொடக்கம் ஆனதும் மறைந்துவிடும் என்பது. நிலையான அமைப்புக் கோப்பில் எழுதிவைக்காதவர்களுக்கு மின்தடைக்கு அடுத்த காலை இதைக் கற்றுக்கொடுக்கும்.

பயனரை எதைக்கொண்டு அடையாளம் காண்பது என்பதும் கட்டுரையில் தொடப்படவில்லை. ஆய்வகக் கணினிகள் தனி முகவரி வரிசையில் நிலையாக இருந்தால் முகவரி போதும். ஒரே வைஃபையில் ஆசிரியரும் மாணவரும் கலந்திருக்கும் இடத்தில் பயனர்பெயர் தேவைப்படும். ஆனால் அனுப்புநர் முகவரியைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் ஸ்க்விட் கடவுச்சொல்லைச் சரிபார்த்து முடிக்கும்வரை காத்திருக்காது. அதற்கு முன்பே, அனுமதி விதிகளின் கட்டத்திலேயே, பயனர் அடையாளம் உறுதியாகியிருக்க வேண்டும். பிராக்சியில் 3128, 3129 என்ற எண்களில் இரண்டு போர்ட்டுகளை, அதாவது இணைப்பு ஏற்கும் வாயில்களை, திறந்து பிரிவுக்கு ஒன்றாகக் கொடுக்கும் எளிய முறையும் உண்டு. அந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்த எண்ணில் வேகம் அதிகம் என்ற செய்தி மாணவர் விடுதியில் பரவ இரண்டு நாள் போதும். யார் எந்தப் போர்ட்டைத் தொடலாம் என்று அனுமதி விதிகளிலும் எழுதாவிட்டால் பிரிவு என்பது பெயரளவில்தான் இருக்கும்.

இவற்றைவிட நுட்பமான ஒன்று ஸ்க்விடின் கையேட்டிலேயே எச்சரிக்கையாக இடம்பெற்றிருக்கிறது. ஒரு தளத்தோடு ஏற்படுத்திய இணைப்பை உடனே துண்டிக்காமல் வைத்திருந்து, அதே தளத்துக்கு அடுத்து வரும் கோரிக்கைக்கும் அதையே பயன்படுத்துவது பிராக்சியின் வழக்கம். முதல் பிரிவினர் ஒருவருக்காகத் திறந்த இணைப்பில் இரண்டாவது பிரிவினரின் கோரிக்கை ஏறிச் சென்றால், நாம் எழுதிய பிரிப்பு அந்த இடத்தில் செல்லாது. பயனரைப் பொறுத்து அனுப்புநர் முகவரியை மாற்றுகிறவர்கள் சர்வர் பக்கத்து நிலை இணைப்புகளை அணைத்துவிடுவது நல்லது என்று அந்தக் கையேடு கூறுகிறது. அணைத்தால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய இணைப்பு தொடங்க வேண்டுமே, வேகம் குறையாதா என்று கேட்கலாம். மறையாக்கம் செய்யப்பட்ட எச்டிடிபிஎஸ் தளங்களுக்குப் பிராக்சி பயனருக்கென்று தனிச் சுரங்கவழி ஒன்றை அமைத்துக் கொடுப்பதால், அந்த இணைப்புகள் எப்படியும் பிறரோடு பகிரப்படுவதில்லை. இன்றைய இணையத்தில் பெரும்பகுதி அவ்வகைத் தளங்களே என்பதால் இழப்பு சிறியதுதான்.

இரண்டு இணைப்புகளையும் ஒரு கருவியில் சேர்த்துவிட்டால் வேகம் இரட்டிப்பாகும் என்று கட்டுரையின் இறுதியில் சொல்லப்பட்டிருப்பதை நான் ஏற்கவில்லை. சுமையைப் பகிரும் கருவி இணைப்புகளைப் பகிர்கிறது. ஒரே இணைப்பை இரண்டாக வெட்டி இரு நிறுவனங்களின் வழியாக அனுப்புவதில்லை. ஒரு பெரிய கோப்பைத் தரவிறக்கும் ஒருவருக்கு அது எந்தக் கம்பியில் ஏறியதோ அந்தக் கம்பியின் வேகம்தான் கிடைக்கும். மேலும், ஒரே பயனரின் அடுத்தடுத்த கோரிக்கைகள் இருவேறு முகவரிகளிலிருந்து செல்வதால், உள்நுழைந்தவரின் முகவரி மாறியதும் வெளியேற்றிவிடும் வங்கித் தளங்கள் போன்றவற்றில் அவர் மீண்டும் மீண்டும் கடவுச்சொல் கொடுத்துக்கொண்டிருக்க நேரிடும். பிரிவுவாரியாக அனுப்பும் முறையின் உண்மையான நன்மை இங்கேதான் இருக்கிறது. ஒருவர் எப்போதும் ஒரே முகவரியிலிருந்து வெளியே தெரிகிறார். நூலகங்கள் சந்தா கட்டும் மின்னிதழ்த் தளங்களில் பல, பதிவு செய்யப்பட்ட முகவரியிலிருந்து வரும் வாசகரை மட்டுமே கடவுச்சொல் இல்லாமல் உள்ளே விடுகின்றன. இரண்டாவது இணைப்பில் போகும் ஆராய்ச்சி மாணவருக்கு அந்தக் கதவு மூடியே இருக்கும். அந்தத் தளங்களின் பெயர்களை ஒரு பட்டியலாக்கி, யார் கேட்டாலும் அவை பதிவு செய்யப்பட்ட முகவரியிலிருந்தே செல்லட்டும் என்று எல்லாப் பிரிவு வரிகளுக்கும் மேலே ஒரு வரி எழுதியதுதான் எங்கள் நூலகருக்கு நாங்கள் செய்த ஒரே நல்ல காரியம்.

இரண்டாவது இணைப்பு தேவையா என்ற கேள்வியையும் முதலில் கேட்டிருக்கலாம். ஒரே ஆய்வகத்தின் இயங்குதளப் புதுப்பிப்புகள் முழு இணைப்பையும் விழுங்குவதுதான் நோய் என்றால், பிரிவுக்கு இவ்வளவு என்று தரவிறக்க வேகத்தை வரையறுக்கும் வசதி ஸ்க்விடிலேயே இருக்கிறது.

இனி, இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பது. கட்டுரையாளர் இரண்டாவது இணைப்பை ஒரு காப்பீடாகவும் வருணித்திருந்தார். பிரிவை முகவரியோடு இறுகக் கட்டிவிட்ட அமைப்பில் காப்பீடு எதுவும் இல்லை; இரண்டாவது இணைப்பு அறுந்தால் இரண்டாவது பிரிவினர் இணையமின்றி அமர்ந்திருப்பார்கள், பக்கத்திலேயே முதல் இணைப்பு பாதி காலியாக ஓடிக்கொண்டிருந்தாலும். அறுந்ததை அறிவதும் எளிதன்று. மோடத்துக்கும் சர்வருக்கும் இடையிலான கம்பி நன்றாக இருக்கும், விளக்கு எரியும், கேட்வேயும் பதில் தரும். பழுது அதற்கு அப்பால் எங்கோ இருக்கும். ஆகவே அந்தந்த அனுப்புநர் முகவரியிலிருந்தே கேட்வேக்கு அப்பாலுள்ள ஓரிடத்தைச் சில நொடிகளுக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்கும் சிறு நிரல் தேவை. பழுது தெரிந்ததும் இரண்டாவது அட்டவணையின் இயல்பு வழியை முதல் கேட்வேக்கு மாற்றிவிட்டால் போதுமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் இரண்டாவது முகவரி முதல் கம்பியில் செல்லும் அந்தப் பழைய நோய் திரும்பி வரும். பிராக்சியின் வரியையும் மாற்றி, அமைப்பை மீண்டும் படிக்கச் செய்ய வேண்டும்.

இந்தக் காரணத்துக்காகவே, இன்று புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் வேறு வழியைச் சொல்வேன். ஸ்க்விட் 3.2ஆம் பதிப்பிலிருந்து, அனுப்புநர் முகவரியைக் குறிப்பிடாமல் பிரிவுக்கு ஓர் அடையாள எண்ணை மட்டும் பொதியின் மேல் இடும் 'டிசிபி அவுட்கோயிங் மார்க்' என்ற கட்டளை கிடைக்கிறது. அந்த எண் சர்வருக்குள்ளேயே இருக்கும் குறிப்புதான்; கம்பியில் வெளியே போவதில்லை. கெர்னல் அந்த எண்ணைப் பார்த்து அட்டவணையைத் தேர்ந்தெடுக்கிறது. அட்டவணை காட்டும் கம்பிக்குரிய முகவரியைப் புதிய இணைப்புகள் தாமே எடுத்துக்கொள்கின்றன. இணைப்பு அறுந்தால் அட்டவணையில் ஒரு வழியை மாற்றினால் போதும், பிராக்சியைத் தொட வேண்டியதில்லை. ஏற்கெனவே பாதியில் நிற்கும் தரவிறக்கங்கள் அறுபடத்தான் செய்யும். அதைத் தடுக்க எந்த அமைப்பாலும் முடியாது. எதிர்வழிச் சோதனை மட்டும் இங்கே தொல்லை தரும். திரும்பி வரும் பொதியில் அடையாள எண் இருக்காது என்பதால், கடுமையான சோதனை அதை முதன்மை அட்டவணையோடு ஒப்பிட்டு, இது வேறு கம்பிக்குரியது என்று எறிந்துவிடும். அந்தக் கம்பியில் சோதனையின் மதிப்பை 1இலிருந்து தளர்வான நிலையைக் குறிக்கும் 2க்கு மாற்ற வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் பிரிப்பு வேலை செய்கிறதா என்று பார்க்க, உங்கள் முகவரி இது என்று காட்டும் தளத்தை ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருமுறை திறந்துவிட்டு மனநிறைவு அடைந்துவிடுகிறோம். அது ஒரு தளத்துக்கான சான்று மட்டுமே. ஒவ்வொரு கம்பியிலும் எவ்வளவு தரவு சென்றது என்ற எண்ணிக்கையைச் சில நாள்கள் தொடர்ந்து பார்த்தால்தான் கசிவு தெரியும்.

பிரிவுகளை யார் வகுப்பது என்பதையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன், ஏனெனில் அது தொழில்நுட்ப வேலை அன்று. நல்ல இணைப்பை நிர்வாகத்தினருக்கும் மற்றதை மீதி எல்லாருக்கும் ஒதுக்கிவிட்டு, அதைச் சொல்லாமலே விட்டுவிடும் வழக்கத்தைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். மெதுவான பிரிவில் இருப்பவர் தன் கணினி பழுதென்று எண்ணி அதை மூன்று முறை பழுதுபார்க்கக் கொண்டுவந்த நிகழ்வும் உண்டு. எந்தப் பிரிவு எந்த இணைப்பில், எந்தக் காரணத்தால் என்று ஒரு பக்க அறிவிப்பு ஒட்டுவதில் எந்த நிறுவனத்துக்கும் நட்டம் இல்லை.

கடைசியாக ஒன்று, கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால் அவருடைய கவனத்துக்கு. இத்தனையும் சரியாக அமைத்து நெடுநாள் ஓடிய பிறகு, எங்கள் இரண்டாவது பிரிவினரின் போக்குவரத்தில் ஒரு பகுதி மீண்டும் முதல் கம்பிக்கு நழுவிச் செல்வதை எண்ணிக்கையில் கண்டோம். நாங்கள் எதையும் மாற்றவில்லை. முதல் நிறுவனம், இதுவரை நாங்கள் பயன்படுத்திய ஐபிவி4 முகவரியோடு, புதிய முகவரி முறையான ஐபிவி6இலும் முகவரி வழங்கத் தொடங்கியிருந்தது. ஐபிவி6 முகவரியும் உடைய பெரிய தளங்களுக்குப் பிராக்சி அந்த வழியிலேயே சென்றுகொண்டிருந்தது. நாங்கள் எழுதிய அனுப்புநர் முகவரி ஐபிவி4 முகவரி என்பதால் அந்த இணைப்புகளை அது கட்டுப்படுத்தவில்லை. ரூட்டிங் விதிகளும் அப்படியே, ஐபிவி6க்கு அவற்றைத் தனியாக எழுத வேண்டும். இரண்டாவது நிறுவனம் இன்னும் ஐபிவி6 வழங்காததால், பிராக்சி சர்வரின் வெளிக்கம்பியில் அதை இப்போதைக்கு அணைத்து வைத்திருக்கிறோம். அந்த நிறுவனமும் வழங்கும் நாளில் பிரிவுக்கு ஒரு ஐபிவி6 வரியும், அதற்குரிய இரண்டு அட்டவணைகளும் சேர்க்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரியின் வலையமைப்பு நிர்வாகி